அணுவின் கருவும் தங்கவயல் தொழிலாளியும்

(மத்திகிரியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட விஞ்ஞான வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற வகுப்பு முடிந்ததும் பல தோழர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அணுகுண்டு என்கிறார்கள், அணுமின்சாரம் என்கிறார்கள். அந்த அணுவுக்குள் என்னதான் இருக்கிறது? கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்கள்?" நல்ல கேள்வி. அதற்குத்தான் இன்றைய வகுப்பு.

இது பெரிய படிப்புப் படித்தவர்களின் விஷயம், நமக்கு எதற்கு என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். அணுவின் கருவைப் பற்றி உலகம் கேட்ட மிகப் பெரிய கேள்விகளில் ஒன்று, இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓர் ஊரில், தமிழ்த் தொழிலாளிகள் வெட்டிய சுரங்கத்தின் அடியாழத்தில் ஆராயப்பட்டது. அந்த ஊர் கோலார் தங்கவயல். முதலில் கருவைத் தெரிந்துகொள்வோம். பிறகு தங்கவயலுக்குப் போவோம்.

ராகி மணியும் இரண்டு ஏக்கர் நிலமும்

உலகில் உள்ள பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை. நம் கையிலுள்ள மண்வெட்டி, ஆலையில் ஓடும் லேத்து, தட்டில் இருக்கும் களி, நாம் விடும் மூச்சு, எல்லாம் அணுக்களே. ஒவ்வொரு அணுவின் நடுவிலும் ஒரு கரு இருக்கிறது. அதைச் சுற்றி எலக்ட்ரான் என்னும் மிக லேசான துகள்கள் இருக்கின்றன. நம் வீட்டுக் கம்பியில் மின்சாரமாக ஓடுவது இந்த எலக்ட்ரான்தான்.

கரு எவ்வளவு சிறியது? எல்லா அணுக்களிலும் எளியது ஹைட்ரஜன் அணு. அதன் கருவை ஒரு ராகி மணி அளவுக்குப் பெரிதாக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த அணு முழுவதும் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலத்தை அடைத்துக்கொள்ளும். நிலத்தின் நடுவில் ஒரே ஒரு ராகி மணி. மற்ற இடமெல்லாம் எலக்ட்ரான் நடமாடும் வெளி.

ஆனால் எடையெல்லாம் அந்த மணியில்தான் இருக்கிறது. நம்மில் ஒரு தோழர் 60 கிலோ எடை இருந்தால், அவர் உடம்பிலுள்ள எலக்ட்ரான்கள் அனைத்தையும் சேர்த்து நிறுத்தாலும் 20 கிராம் தேறாது. மீதி எடை முழுவதும் கருக்களின் எடை. ஆகவே "நாம் எதனால் ஆனவர்கள்?" என்று கேட்டால், கருவுக்குள் என்ன இருக்கிறதோ அதனால் ஆனவர்கள் என்பதே பதில்.

புரோட்டானும் நியூட்ரானும்

கரு என்று ஒன்று இருப்பதை 1911-ல் ரூதர்ஃபோர்ட் என்னும் விஞ்ஞானி கண்டு சொன்னார். மெல்லிய தங்கத் தகட்டின் மேல் வேகமான துகள்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தங்கு தடையின்றி ஊடுருவிப் போயின. மிகச் சில மட்டும் சுவரில் பட்ட பந்துபோல் திரும்பி வந்தன. ஊடுருவியவை அணுவுக்குள் வெற்றிடம் அதிகம் என்று காட்டின. திரும்பியவை நடுவில் கெட்டியான ஒன்று இருப்பதைக் காட்டின. கண்ணால் பார்க்க முடியாததை இப்படித்தான் அறிகிறார்கள். இருட்டில் கல்லெறிந்து, சத்தத்தை வைத்துப் பாறை எங்கே, புதர் எங்கே என்று நாம் கண்டுபிடிப்பதில்லையா? அதே வழிதான்.

கருவுக்குள் இரண்டு வகைத் துகள்கள் உள்ளன. ஒன்று புரோட்டான். அதற்கு நேர் மின்னேற்றம் உண்டு. மற்றொன்று நியூட்ரான். அதற்கு மின்னேற்றம் கிடையாது. இந்த இரண்டாவதை 1932-ல் சாட்விக் கண்டுபிடித்தார். இரண்டின் எடையும் ஏறத்தாழ சமம். நியூட்ரான் ஒரு துளி கூடுதல். ஒரு புரோட்டான் எலக்ட்ரானைப் போல் 1,836 மடங்கு எடை உள்ளது.

ஒரு பொருள் என்ன பொருள் என்பதைத் தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. ஒரு புரோட்டான் இருந்தால் ஹைட்ரஜன். 26 இருந்தால் இரும்பு. 79 இருந்தால் தங்கம். 80 இருந்தால் பாதரசம். அதாவது, பாதரசத்தின் கருவிலிருந்து ஒரே ஒரு புரோட்டானைக் குறைத்தால் அது தங்கம்! நம் நாட்டு ரசவாதிகள் மூலிகையையும் புடத்தையும் வைத்துக்கொண்டு பாதரசத்தைப் பொன்னாக்கப் பாடுபட்டார்கள். நெருப்பின் சூடு எலக்ட்ரான்களைத்தான் அசைக்கும், கருவைத் தொடாது. அதனால்தான் அவர்களால் முடியவில்லை. 2025-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடம், ஈயத்தின் கருக்களிலிருந்து மூன்று புரோட்டான்கள் கழன்று அவை தங்கக் கருக்களாவதை அளந்து அறிவித்தது. கிடைத்த தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு. கண் இமைப்பதற்குள் அதுவும் சிதறிப்போயிற்று. ஆகவே நகைக்கடைக்காரர் பயப்பட வேண்டியதில்லை.

நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறினால் பொருளின் பெயர் மாறாது. கருவின் எடையும் உறுதியும் மாறும். சாதாரண இரும்பில் 26 புரோட்டானும் 30 நியூட்ரானும் உள்ளன. தங்கத்தில் 79 புரோட்டானும் 118 நியூட்ரானும் உள்ளன. யுரேனியத்தில் புரோட்டான் 92. அதில் நியூட்ரான் 146 உள்ள வகையும் உண்டு, 143 உள்ள வகையும் உண்டு.

இந்தப் புரோட்டானும் நியூட்ரானும் கடைசித் துகள்களும் அல்ல. ஒவ்வொன்றுக்குள்ளும் குவார்க் என்னும் மூன்று நுண்துகள்கள் உண்டு என்ற கருத்து 1964-ல் பிறந்தது. சில ஆண்டுகளில் பரிசோதனைகள் அதற்குச் சான்று தந்தன. ஆனால் குவார்க்கைத் தனியே பிய்த்து எடுக்க இதுவரை யாராலும் முடியவில்லை.

கூடி நிற்பது எப்படி?

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். நேர் மின்னேற்றமும் நேர் மின்னேற்றமும் ஒன்றையொன்று தள்ளும் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள். அப்படியானால் தங்கத்தின் கருவில் 79 புரோட்டான்கள் இவ்வளவு நெருக்கத்தில் எப்படி அடங்கிக் கிடக்கின்றன?

மின் தள்ளுவிசையைக் காட்டிலும் பன்மடங்கு வலிய ஈர்ப்பு ஒன்று கருவுக்குள் வேலை செய்கிறது. புரோட்டான் என்றும் நியூட்ரான் என்றும் பார்க்காமல் அது எல்லாவற்றையும் பிணைக்கிறது. ஆனால் அதன் கை மிகக் குட்டையானது. பக்கத்தில் ஒட்டி நிற்பதைத்தான் பிடிக்கும். சற்றுத் தள்ளி நின்றாலும் பிடி விட்டுப்போகும். நியூட்ரான்கள் தள்ளுவதில் சேராமல் பிணைப்பதில் மட்டும் சேர்வதால், கனமான கருக்களுக்கு நியூட்ரான் அதிகம் தேவைப்படுகிறது.

இன்னொரு அதிசயமும் உண்டு. ஒரு நியூட்ரானைக் கருவிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக விட்டால், சராசரியாகக் கால் மணி நேரம்கூடத் தாங்காது. தானே சிதைந்து புரோட்டானாக மாறிவிடும். கூடவே ஓர் எலக்ட்ரானும், நியூட்ரினோ வகையைச் சேர்ந்த, ஏறத்தாழ எடையே இல்லாத ஒரு துகளும் வெளிப்படும். அதே நியூட்ரான் இரும்பின் கருவுக்குள்ளே மற்றவற்றோடு பிணைந்து இருந்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் இருக்கிறது. சிதைவதற்கு வேண்டிய சக்தி அங்கே அதற்குக் கிடைப்பதில்லை என்பதே காரணம். "இதோ சங்கத்தின் மகிமை!" என்று சொல்லத் தோழர்கள் சிலருக்கு நாக்கு துடிப்பது தெரிகிறது. சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் காரணத்தையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

குண்டும் மின்சாரமும்

143 நியூட்ரான்கள் உள்ள யுரேனியத்தின் கரு, பாரம் தாங்காத வண்டிபோல் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு நியூட்ரான் வந்து சேர்ந்தால் இரண்டாகப் பிளக்கிறது. பெரும் சக்தி வெளிப்படுகிறது. கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவந்து பக்கத்துக் கருக்களைப் பிளக்கின்றன. கணத்தில் பரவவிட்டால் அது குண்டு. 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா நகரை அழித்தது அதுதான். நியூட்ரான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்து நிதானமாகப் பிளந்தால் நீரைக் கொதிக்க வைத்து மின்சாரம் எடுக்கலாம். நம் மாநிலத்துக் கல்பாக்கத்தில் 1984-ல் தொடங்கிய நிலையம் அப்படிப்பட்டது.

இயற்கையின் விதி ஒன்றுதான். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்கிறவர்கள் மனிதர்கள். அதைப் பற்றித் தனியே பேச வேண்டும். இன்றைக்கு நாம் தங்கவயலுக்குப் போவோம்.

புரோட்டானுக்குச் சாவு உண்டா?

தனித்த நியூட்ரான் சிதைகிறது. அப்படியானால் புரோட்டான்? அது என்றைக்கும் அழியாததா? அழியாதது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள்.

1973-ல் ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும், பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் சலாமும் அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். புரோட்டானும் ஒருநாள் சிதையக்கூடும் என்றார்கள். 1974-ல் அமெரிக்காவில் ஜார்ஜியும் கிளாஷோவும் வேறொரு வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள். அந்தக் கோட்பாட்டிலிருந்து வந்த கணக்கின்படி, ஒரு புரோட்டானின் ஆயுள் 1-க்குப் பின்னால் 30 அல்லது 31 சைபர் போட்டால் வரும் ஆண்டுகள். பிரபஞ்சம் தோன்றியே 1,380 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்புறம் இதை எப்படிச் சோதிப்பது? யார் காத்திருப்பது?

வழி இருக்கிறது. மனிதனின் ஆயுள் சராசரி 70 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனிதனையே பார்த்துக்கொண்டிருந்தால் 70 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் 7,000 பேர் உள்ள ஊரில், ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு சாவு விழும். ஆகவே ஒரு புரோட்டானைப் பார்க்காமல், ஏராளமான புரோட்டான்களை ஓரிடத்தில் குவித்து வைத்துக் காவல் இருந்தால் போதும். 140 டன் இரும்பில் உள்ள புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை, 8-க்குப் பின்னால் 31 சைபர். அந்தக் கணக்கு சரி என்றால், இவ்வளவு இரும்பில் ஆண்டுக்குச் சில துகள்களாவது சாக வேண்டும்.

அடியாழத்தில் ஒரு காவல்

ஆனால் பூமியின் மேல் வைத்துப் பார்க்க முடியாது. வானிலிருந்து நம் தலைமேல் ஓயாமல் துகள் மழை பெய்துகொண்டிருக்கிறது. சந்தை இரைச்சலில் ஊசி விழும் ஓசையைக் கேட்க முடியுமா? மழையைத் தடுக்கக் கனமான கூரை வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் பாறைக் கூரை வேண்டும்.

அந்தக் கூரை எங்கே இருந்தது? வேப்பனப்பள்ளி தாண்டி வடக்கே, எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயலில் இருந்தது. 1880-ல் ஜான் டெய்லர் என்னும் வெள்ளைக் கம்பெனி அங்கே சுரங்கம் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து நிலமற்ற மக்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், பிழைப்புத் தேடி அங்கே போனார்கள். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களும் அன்று சேலம் ஜில்லாதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலிருந்து அழுத்தும் பாரத்தில் பாறை வெடித்துச் சிதறும். அதில் மாண்டவர்கள் பலர். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தவர்கள் இன்னும் பலர்.

விஞ்ஞானிகள் அங்கே வந்தது 1951-ல். பம்பாயிலிருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஹோமி பாபா, ஸ்ரீகண்டன் என்னும் இளம் விஞ்ஞானியை அனுப்பினார். எத்தனை ஆழம் வரை வானத்துத் துகள்கள் வருகின்றன என்று அளந்தார்கள். ஏறத்தாழ 9,000 அடி ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூட வரவில்லை. அவ்வளவு நிசப்தம்! அந்த நிசப்தம் இருந்ததால்தான், 1965-ல், நம் காற்று மண்டலத்தில் பிறந்து பாறையையும் துளைத்து வரும் நியூட்ரினோவின் சுவட்டை அங்கே பிடித்தார்கள். பம்பாய், ஒசாகா, டர்ஹாம் விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த வேலை அது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலும் அதைக் கண்டார்கள். அங்கேயும் ஒரு தங்கச் சுரங்கம். நிறவெறி ஆட்சியின் கீழ்க் கறுப்புத் தொழிலாளிகள் வெட்டிய சுரங்கம். இரண்டு நாட்டிலும் யாரைத் தாழ்ந்தவர் என்று ஒதுக்கினார்களோ, அவர்கள் திறந்த பாதையில்தான் விஞ்ஞானம் உள்ளே நுழைந்தது.

பிறகு 1980-ன் இறுதியில் புரோட்டான் பரிசோதனை தொடங்கியது. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு குகை. அதில் இரும்புத் தகடுகளையும் வாயு நிரப்பிய சதுர இரும்புக் குழாய்களையும் 34 வரிசைகளாக அடுக்கினார்கள். மொத்தம் 140 டன். ஒவ்வொரு குழாயின் நடுவிலும் ஒரு கம்பி. மின்னேற்றமுள்ள துகள் குழாயைக் கடந்தால் அந்தக் கம்பியில் சிறு மின்துடிப்பு எழும். எந்தெந்தக் குழாய் துடித்தது என்று பார்த்தால் துகள் போன பாதை தெரிந்துவிடும். வெளியிலிருந்து வந்த துகளின் சுவடு ஓரத்தில் தொடங்கும். நடுவில் ஒரு புரோட்டான் சிதைந்தால் சுவடு உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும். வேலை செய்யும் இரும்பும் அதுவே, காவலுக்குரிய புரோட்டான்களின் களஞ்சியமும் அதுவே. புரோட்டான் சாவைத் தேடுவதற்கென்றே அமைத்த பெரும் கருவிகளில் உலகிலேயே முதலில் இயங்கத் தொடங்கியவற்றில் ஒன்று அது. பின்னர் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இன்னும் பெரிய இரண்டாவது கருவியும் வைத்தார்கள்.

தோழர்களே, அந்த இரும்பு எப்படிக் கீழே போயிற்று என்பதை யோசியுங்கள். சுரங்கக் கூண்டில் இறங்காமல் ஒரு கிலோகூட அங்கே போயிருக்க முடியாது. கூண்டை இயக்கியவர், காற்று அனுப்பியவர், தண்ணீரை இறைத்தவர், பாறை விழாமல் முட்டுக் கொடுத்தவர், எல்லோரும் தொழிலாளிகள். ஒரு நாள் அவர்கள் கை ஓய்ந்திருந்தால் ஆராய்ச்சியும் ஓய்ந்திருக்கும்.

விடை என்ன?

தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில், உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிந்த சில சுவடுகள் தென்பட்டன. புரோட்டானின் சாவைக் கண்டிருக்கலாம் என்று தங்கவயல் குழு அறிவித்தது. உலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆனால் நியூட்ரினோ ஒரு கள்ளன். சுவடு பதிக்காமல் உள்ளே வந்து, இரும்பில் மோதி, புரோட்டான் செத்ததுபோலவே ஒரு சுவட்டை ஏற்படுத்த அதனால் முடியும். பார்த்தது சாவா, கள்ளனா? சண்டை தீர இன்னும் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன.

அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும், ஜப்பானில் காமியோகா சுரங்கத்திலும் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை நிரப்பிக் காவல் இருந்தார்கள். அங்கே சாவு எதுவும் தென்படவில்லை. காமியோகாவில் 1996 முதல் இயங்கும் 50,000 டன் கருவியிலும் இன்றுவரை இல்லை. புரோட்டான் செத்தாலும், அதிகம் எதிர்பார்க்கப்பட்ட வழியில், அதன் ஆயுள் 1-க்குப் பின்னால் 34 சைபர் போட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்று இப்போது சொல்கிறார்கள். 1974-ல் சொன்ன கோட்பாடு, அந்த வடிவில், தோற்றுப்போயிற்று. ஆனால் கேள்வி தோற்கவில்லை. இன்னும் பெரிய கருவிகளைக் கட்டுகிறார்கள்.

அப்படியானால் தங்கவயலின் உழைப்பு வீணா? இல்லை. ஒரு கருத்து எவ்வளவு அழகாயிருந்தாலும், எவ்வளவு பெரிய மேதை சொன்னாலும், இரும்பையும் தண்ணீரையும் வைத்துச் சோதித்த பிறகே அதை ஏற்க வேண்டும். ஒரு ஊரில் கண்டதை இன்னொரு ஊரில் சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனையை உலகில் முதலில் தொடங்கியவர்களின் வரிசையில் தங்கவயல் நிற்கிறது. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது.

யாருடைய விஞ்ஞானம்?

1956-ல் சுரங்கங்களை மைசூர் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பின்னர் மத்திய சர்க்காரின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்தியது. தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 1990-களின் தொடக்கத்தில் புரோட்டான் பரிசோதனை நின்றது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்களே மூடப்பட்டன. இறைப்பவர் இல்லாத சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விடியற்காலையில் மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஊரைச் சுற்றிச் சயனைடு மண் மேடுகள் நிற்கின்றன.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதான். அவர்களும் அந்தச் சூட்டில் இறங்கிப் பாடுபட்டவர்கள். ஆனால் குகையை வெட்டியவர் பெயர் எங்கே? இரும்பை இறக்கியவர் பெயர் எங்கே? தங்கம் பூமியை விட்டுக் கிளம்பிப் பெட்டிகளுக்குள் போயிற்று. அறிவு புத்தகங்களுக்குள் போயிற்று. வெட்டியவன் வீட்டுக்கு வந்தது இருமல். பிள்ளைகளுக்குத் தாத்தா தங்கம் தோண்டினார் என்று தெரிகிறது. அவர் தோண்டிய குழியில்தான் உலகம் புரோட்டானின் ஆயுளைத் தேடியது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? ஒன்று: நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் இருக்கிறாரா, பரிசோதனைச் சாமான்கள் பூட்டிய பீரோவில் தூங்குகின்றனவா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பெண் பிள்ளைகளையும் அந்தப் படிப்புக்கு அனுப்புங்கள். இரண்டு: நம்மில் பலருக்குத் தங்கவயலில் உறவு உண்டு. சுரங்கத்தில் இறங்கிய பெரியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த முறை கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ போகும்போது அவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்: எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு, என்ன வேலை, அந்தக் கருவியைப் பார்த்தீர்களா என்று. அவர்கள் போன பின் கேட்க ஆள் இருக்காது.

இங்கே தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மொழியில் இதை அக்கம்பக்கத்தில் சொல்லட்டும். புரோட்டான் எந்த மொழியிலும் புரோட்டான்தான்.

அடுத்த வகுப்பில் கல்பாக்கத்தைப் பற்றியும், அணுமின் நிலையத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்பைப் பற்றியும் பேசுவோம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள், தோழர்களே.